தாது காக்கும் உணவு: சொல்லும் பொருளும்

தமிழில் ‘தாது’ என்னும் சொல் சுமக்கும் பொருள்கள் பல. சங்கப் பாடல்களில் அது பூவின் மகரந்தம். வீரசோழியத்தில் தாதுப் படலம் என்றே ஒரு படலம் உண்டு. அங்கே அது வினைச்சொல்லின் வேர். சித்த மருத்துவக் கல்லூரிகளில் பாடமாக உள்ள குணபாடத்தில் மூலிகை வகுப்பு ஒரு பகுதி; தாது சீவ வகுப்பு மற்றொரு பகுதி. அங்கே தாது என்பது உலோகமும் உப்பும் பாடாணமும் ஆகும். அதே மருத்துவத்தில் உடலைத் தாங்கும் கட்டுகள் ஏழுக்கும் தாது என்றே பெயர். அவ்வேழனுள் இறுதியாகிய சுக்கிலத்தை மட்டும் குறித்துத் ‘தாது’ என்பது மக்கள் வழக்கு. கடைப் பலகையில் ‘தாது புஷ்டி’ என்று எழுதியிருந்தால், அஃது எந்தத் தாது என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு சொல் பல பொருள் தருவது மொழிக்கு இழுக்கன்று. இடம் நோக்கிப் பொருள் கொள்வது கற்றார்க்கு எளிது. ஆனால், ஒரு தாது மற்றொரு தாதுவை அழிக்கும் செய்தியைப் பேசும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது. காரீயம், காட்மியம், பாதரசம் ஆகிய கனவுலோகங்களும், அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படும் ஆர்சனிக்கும் ஆண்மகனின் விந்தணுவைக் கெடுக்க வல்லவை. சில உணவுப் பொருள்கள் அக்கேட்டைத் தடுக்கும் என்று அண்மைக் காலமாகத் தமிழில் மிகுதியாக எழுதி வருகின்றனர். இதழ்களின் உடல்நலப் பகுதிகளிலும், பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நாட்டு மருந்துப் பொட்டலத்தோடு கைக்கு வரும் துண்டறிக்கைகளிலும், புலனத்தில் நாள்தோறும் வலம் வரும் குறிப்புகளிலும் இதனைக் காணலாம். இவையனைத்தையும் ஒருவகை உரைநடை இலக்கியமாகக் கொண்டு, தமிழாசிரியன் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. நான் மருத்துவன் அல்லேன். எனினும், எழுவாயும் பயனிலையும் பொருந்தாத தொடரைச் சிவப்பு மையால் சுழிப்பது முப்பதாண்டுகளாக என் தொழில்.

முதலில் ஈயத்தை நோக்குவோம். தமிழில் காரீயம், வெள்ளீயம் என இரண்டு உண்டு. முன்னது கொடிய நஞ்சு. பின்னது அத்தகையது அன்று. மலேசியத் தமிழர் அடைமொழியின்றி ஈயம் என்றால் பின்னதையே கருதுவர். 1857-ஆம் ஆண்டில் கிள்ளான் ஆறும் கோம்பாக்கு ஆறும் கூடும் இடத்தில் சுரங்கத் தொழிலாளர் வந்திறங்கியதிலிருந்து தொடங்குகிறது கோலாலம்பூரின் வரலாறு. அவர்கள் தேடி வந்தது வெள்ளீயம். நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் ஈயச் சுரங்கமும் அதுவே. அங்ஙனமிருக்க, ‘ஈயம் ஆண்மகனுக்குக் கேடு செய்யும்’ என்று ஓர் இதழ் எழுதினால் வாசகன் எதனை அஞ்சுவான்? பாட்டி வைத்துவிட்டுப் போன ஈயச் சொம்பையும் பால் தகரத்தையும் அஞ்சுவான். தன் பட்டறையில் உருக்கும் பழைய மின்கலத் தகட்டை அஞ்சமாட்டான். அதற்கு அவன் நாவில் ஈயம் என்னும் பெயரே இல்லை.

ஈயச் சொம்பைப் பற்றி ஒரு சொல் கூறிவிடலாம். ரசம் வைக்கும் சொம்பு தூய வெள்ளீயத்தால் ஆனதாயின் அச்சமில்லை. வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையினும் பன்மடங்கு உயர்ந்தது. ஆதலின் கலப்படத்திற்கு இடமுண்டு. கலப்படச் சொம்பில் புளிக்கரைசல் கொதித்தால், புளியின் அமிலம் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும். ‘புளி உலோக நஞ்சை இழுக்கும்’ என்று எழுதும் அன்பர்கள் அஃது எங்கிருந்து எங்கே இழுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுவது நன்று. இண்டாலியம் என்று நாம் அழைக்கும் கலப்பு அலுமினியப் பாத்திரங்களிலும் இத்தொல்லை உண்டு. அவற்றுள் சில உணவில் காரீயத்தைக் கசியவிடுகின்றன என்று அமெரிக்க நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது.

ஈயத்தினும் இடர் மிக்க சொல் நாகம். சித்த மருத்துவர் நாக பற்பம் என்றால் அது துத்தநாகத்தைப் புடமிட்டது. வடநூல் வழிப்பட்ட ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் அது காரீயத்தைப் புடமிட்டது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. அவ்விரண்டும் நம் பேச்சுக்குரிய செய்தியில் எதிர்முனையில் நிற்கின்றன. துத்தநாகம் விந்தணு உருவாவதற்கு இன்றியமையாதது. அவ்வணுவின் கருப்பொருளை இறுக்கி வைக்கும் புரதத்தோடு பிணைந்து நிற்பது. காரீயம் அத்துத்தநாகத்தின் இருக்கையைப் பறித்து அமர்வது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பொட்டலமும் வடநாட்டிலிருந்து வரும் பொட்டலமும் அருகருகே விற்கும் ஊர்களில், ‘நாக பற்பம் தாதுவை வளர்க்கும்’ என்று அடைமொழியின்றி எழுதுவது எத்தகைய செயல் என்பதைத் தமிழாசிரியர்களே எண்ணிப் பார்க்கலாம். நாம் வகுப்பில் லகர ளகர ழகர வேறுபாட்டுக்கு மதிப்பெண் குறைக்கிறோம்.

இந்த அச்சம் வெறும் சொல்லாராய்ச்சியால் வந்ததன்று. அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சேப்பர் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 14 மருந்துகளில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008-இல் 193 மருந்துகளைச் சோதித்தபோதும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அவ்வாறே இருந்தது. 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க்கு நகரில் கருவுற்ற பெண்கள் அறுவர்க்கு, இந்தியாவில் செய்த இத்தகைய மருந்துகளால் காரீய நஞ்சு ஏறியமை பதிவாயிற்று. நலமான பிள்ளைப்பேறு கருதி உட்கொண்டவை அவற்றுள் உண்டு.

நம் நாட்டில் இதற்கு வரம்பு உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் பாரம்பரிய மருந்துகளைப் பதியும் முறை 1992-இல் தொடங்கியது. ஒரு கிலோ மருந்தில் காரீயம் 10 மில்லிகிராம், ஆர்சனிக்கு 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 ஆகிய அளவுகளை மீறலாகாது. காரீயத்தையே மூலப்பொருளாகக் கொண்ட பற்பம் இவ்வரம்பினுள் அடங்காது என்பது எளிய கணக்கு. பதிவு பெற்ற பொட்டலத்தில் ‘மால்’ என்று தொடங்கி எட்டு எண்களும் இறுதியில் ‘டி’ என்னும் எழுத்தும் இருக்கும். துண்டறிக்கை எழுதும் புலவர்கள் எவரும் இவ்வொரு வரியை எழுதக் காணோம்.

இவ்விடத்தில் சித்த நூலோரைக் குறை கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. உலோகத்தின் கொடுமையை அவர்கள் நன்கறிந்தவர்கள். ஆதலால்தான் சுத்தி என்றும் புடம் என்றும் பத்தியம் என்றும் முறிவு என்றும் அவ்வளவு கட்டுப்பாடுகளை வகுத்தனர். மருந்துண்ணும் நாளில் புளியும் உப்பும் விலக்கச் சொன்ன கடும்பத்தியத்தைக் கைவிட்டு, மருந்தை மட்டும் மாத்திரையாக்கி விற்பவர் சித்தர் வழிவந்தவர் ஆகார். அதே நேரத்தில், சுத்தி செய்தால் காரீயம் காரீயமன்று என்று வாதிடுவதும் ஏற்கத்தக்கதன்று. அதனை மெய்ப்பிக்க வேண்டியது உண்டவன் இரத்தத்தைச் சோதித்து; பாட்டைச் சான்று காட்டி அன்று.

இனி, உணவு காக்கும் என்னும் கூற்றின் வேரைக் காண்போம். இஃது ஆதாரமற்ற கற்பனை அன்று. செக்கோசுலோவாக்கியாவில் பாரிசேக் என்னும் அறிஞர், சிறிதளவு காட்மிய உப்பை ஊசியால் செலுத்தினால் எலியின் விரை அழிந்துபடுவதை 1956-இல் தம் துணைவரோடு எழுதினார். மற்ற உறுப்புகள் தாங்கிக்கொள்ளும் அளவே விரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைத்துவிடுகிறது. 1957-இல் அவரே மற்றொன்றையும் காட்டினார். துத்தநாக உப்பையும் பன்மடங்கு மிகுதியாகச் செலுத்தினால் அவ்வழிவு நேர்வதில்லை. 1960-இல் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கர், தாஸ், முகர்ஜி ஆகியோர் துத்தநாகத்தோடு செலினியமும் அவ்வாறு காப்பதை எலிகளில் கண்டனர். உணவில் இயல்பாக உள்ள ஒரு சத்து, விரையை உலோகத்திடமிருந்து காக்கக் கூடும் என்னும் எண்ணம் இவ்வாறே வலுப்பெற்றது. இந்தியச் சோதனைச்சாலை ஒன்று அத்தொடக்கத்திலேயே பங்கு கொண்டது என்பதை நம் கட்டுரையாளர்கள் ஒருவரும் சொல்வதில்லை. அயல்நாட்டு அறிஞர் என்று பொதுப்படச் சொல்லி முடித்துவிடுகின்றனர்.

அன்று முதல் இன்றுவரை எத்தனையோ பொருள்கள் இவ்வகையில் சோதிக்கப்பட்டுள்ளன. பூண்டு, மஞ்சள், இஞ்சி, முருங்கை, தேன், கருஞ்சீரகம் எனப் பட்டியல் நீளும். சோதனையின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. எலிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குக் காரீய உப்பை மட்டும் சில கிழமைகள் தருவர்; மற்றொரு கூட்டத்திற்குக் காரீயத்தோடு செடியின் வடிசாற்றையும் தருவர். பின்னர் இரண்டின் விந்தணுவையும் எண்ணுவர். சாறு பெற்ற எலிகளில் கேடு குறைவு என்று முடிவு வரும். உலோகம் உடலில் எழுப்பும் ஆக்சிசனேற்றத் தாக்கத்தை அச்சாறு தணித்தது என்று காரணம் கூறுவர். முடிவு மெய்யே. ஆனால் அது தமிழுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதே நம் ஆய்வு.

துண்டறிக்கை நடையில் ஒரு தொடர் அமைத்துக் காண்போம்: ‘முருங்கைக் கீரை உடலில் சேர்ந்த ஈயத்தை வெளியேற்றி விந்தணுவைக் காக்கும்.’ ஆய்வாளன் எழுதியது இறந்தகாலம். இத்தனை எலிகளில், இவ்வளவு நாளில், இவ்வாறு குறைந்தது என்றான். தமிழ்த் தொடரில் நிற்பதோ ‘காக்கும்’ என்னும் செய்யுமென் முற்று. அது காலவரம்பின்றி என்றும் நிகழ்வதைச் சொல்வது. நெருப்புச் சுடும், நீர் நனைக்கும் என்பன போல. அடுத்து, எவருடைய விந்தணு என்பது மறைந்தது. எலி போயிற்று, அதன் இடத்தில் வாசகன் தானே வந்து அமர்ந்துகொள்கிறான். மூன்றாவது பிழை இவையிரண்டினும் பெரிது. சோதனையில் நஞ்சும் சாறும் பெரும்பாலும் ஒரே காலத்தில் சென்றன. அதாவது, கேடு நிகழும்போதே தடுப்பும் நிகழ்ந்தது. ‘சேர்ந்த ஈயத்தை வெளியேற்றி’ என்னும்போது பல்லாண்டாக எலும்பில் படிந்ததையும் கீரை துடைத்துவிடும் என்றாகிறது. இரத்தத்தில் உள்ள காரீயம் ஒரு திங்களை ஒட்டிய காலத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் படிந்தது பல பத்தாண்டுகள் தங்கும். அதனை ஒரு கைப்பிடிக் கீரை அசைத்ததாகச் சான்றில்லை. நான்காவது, சோதனையில் கொடுத்தது செறிந்த வடிசாறு. நம் அடுப்பில் வேவது பொரியல்.

முருங்கை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1983-இல் வெளிவந்த ‘முந்தானை முடிச்சு’ திரைப்படத்திற்குப் பின், முருங்கைக்காய் என்ற சொல்லை வகுப்பில் சொல்லவே ஆசிரியர் தயங்கும் நிலை வந்துவிட்டது. அதனால் விளைந்த குழப்பம் ஒன்றுண்டு. ஆண்மை வேறு; மகப்பேற்றுக்குரிய வன்மை வேறு. முன்னதில் குறையில்லாதவனுக்கும் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைந்திருக்கலாம். துண்டறிக்கைகள் இவ்விரண்டையும் ‘தாது பலம்’ என்னும் ஒரே தொடரில் கட்டிவிடுகின்றன. முருங்கை மரத்திற்கு இதில் பழியில்லை. தோட்டத்து லயத்தின் பின்புறம் தானாகத் தழைத்து, இரும்புச் சத்தும் சுண்ணச் சத்தும் தந்து நம் மக்களைக் காத்த மரம் அது. அவ்விரு சத்துகளும் நம் பொருளில் எங்கே வருகின்றன என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

மனிதரிடத்துச் சான்று இல்லையோ எனின், கேட்டுக்குச் சான்று உண்டு. காப்புக்குச் சான்று குறைவு. ருமேனியாவில் காரீயத்தோடு பழகிய தொழிலாளர் 150 பேரை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களிடையே விந்தணுக் குறைவையும் சிதைவையும் காட்டியது. இங்கிலாந்து, இத்தாலி, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 503 ஆடவரை ஆராய்ந்த 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையில், இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் உள்ளோரின் விந்தணுச் செறிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. காப்பைப் பொறுத்தவரை, பூண்டின் கதை குறிப்பிடத்தக்கது. ஈரானில் மின்கலத் தொழிற்சாலை ஊழியர் 117 பேருக்கு நான்கு கிழமைகள் பூண்டு மாத்திரையோ பெனிசிலமின் என்னும் மருந்தோ தந்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். இரு பகுதியினர்க்கும் இரத்தத்தில் காரீயம் குறைந்தது. தலைவலி, எரிச்சல் முதலிய குறிகள் தணிந்தது பூண்டு உண்டவர்களிடத்தில். இது மனிதரில் செய்த சோதனை, மதிக்கத்தக்கது. ஆனால் அங்கே அளந்தது இரத்தத்தையும் நோய்க்குறிகளையுமே, விந்தணுவை அன்று. பூண்டைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் அது கட்டுரையாளன் கைச்சரக்கு.

மஞ்சளின் நிலை இன்னும் விந்தையானது. மஞ்சளின் குர்க்குமின் எலியின் விரையைக் காரீயத்திலிருந்து காத்ததாக ஆய்வுகள் உள்ளன. அதே காலத்தில், வங்காள தேசச் சந்தைகளில் மஞ்சளுக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட்டைப் பூசி விற்றனர். 2019-இல் அங்கு எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் அக்கலப்படம் இருந்தது. ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தியபின் அரசு கடைகளைச் சோதித்துத் தண்டம் விதித்தது. 2021-இல் அவ்விழுக்காடு சுழியாயிற்று. காக்கும் உணவு நஞ்சைச் சுமந்து வந்ததும், அதனைத் தீர்த்தது மற்றோர் உணவு அன்று, சட்டம் என்பதும் இங்கே கருதத்தக்கன.

அங்ஙனமாயின் உணவால் பயனே இல்லையோ? உண்டு. நம் எழுத்தாளர்கள் எழுதாத இடத்தில் உண்டு. காரீயம் குடலில் நுழையும் வழியும் சுண்ணச் சத்தும் இரும்புச் சத்தும் நுழையும் வழியும் பெரிதும் ஒன்றே. அச்சத்துகள் குறைந்த உடல் காரீயத்தை மிகுதியாக ஏற்கும். நிறைந்த உடல் அவ்வளவு ஏற்காது. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நெத்திலிக் கருவாடும் செய்யும் நன்மை இதுவே. வாயிலில் நிற்கும் காவலே அன்றி, உள்ளே புகுந்து துரத்தும் வீரம் அன்று. அதனினும் எளியது ஒன்று. வெறும் வயிற்றில் விழுங்கிய காரீயத்தில் பாதிக்கும் மேல் இரத்தத்தில் சேரக்கூடும். உணவோடு சென்றால் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே சேரும். எந்த உணவு என்பதினும் உண்டானா என்பதே முதல் வினா.

இதனைப் படித்தபோது நம் பெரட்டுக்களம் நினைவில் எழுந்தது. விடியுமுன் ஒரு குவளை வறக்கோப்பியோடு பெரட்டுக்குப் போய் நின்ற தலைமுறை நம்முடையது. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவர்தம் பேரன்மார் ஷா ஆலாமிலும் மேருவிலும் கிள்ளான் துறைமுகத்தை அடுத்த தொழிற்பேட்டைகளிலும் பற்றாசு வைக்கிறார்கள், சாயம் சுரண்டுகிறார்கள், பழைய மின்கலம் பிரிக்கிறார்கள். வெறும் வயிற்றோடு போகும் வழக்கம் மட்டும் மாறவில்லை. கை கழுவாமல் பத்து மணிக்கு ரொட்டியைப் பிட்டு வாயிலிடுவதும் மாறவில்லை. காலையில் பழைய சோறும் வெங்காயமும் உண்டு புறப்படுகிறவன், மாலையில் லேகியம் உண்ணுகிறவனினும் தன்னைக் காத்துக்கொள்கிறான் என்று எழுதலாம். அப்படி எழுதினால் லேகியம் விற்காது.

சோற்றைப் பற்றியும் ஒன்று. நெற்பயிர் மண்ணிலும் நீரிலும் உள்ள ஆர்சனிக்கை மற்றத் தானியங்களினும் மிகுதியாக ஏற்பது. நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால் அதில் பாதியளவு வரை நீங்கும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. நீர் தூயதாய் இருத்தல் வேண்டும். நம் பாட்டிமார் வடித்த சோறு மின்சாரச் சோற்றுக் கலத்திற்குத் தோற்றுப்போன நாளில் இச்செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. வடித்த கஞ்சியையே உப்பிட்டுக் குடித்தவர்களும் உண்டு என்பதால் பழமையை மிகவும் போற்றவும் இயலவில்லை. காட்மியத்துக்கோ, புகைபிடிப்பவனிடத்தில் தலையாய வாயில் சிகரெட்டு. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இலையில் சேர்ப்பது. ஒரு கையில் துத்தநாக மாத்திரையும் மறுகையில் சிகரெட்டுமாக நிற்பவனுக்குப் பாரிசேக்கின் எலிச்சோதனையைச் சொல்லிப் பயனில்லை.

ஆர்சனிக்கைப் பற்றிப் பேசும்போது, தோட்டத் தமிழில் வழங்கும் மற்றொரு சொல்லையும் கருதல் வேண்டும். அது ‘மருந்து’. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்சினைட்டைத் தெளித்தனர். அஃது ஆர்சனிக்கின் உப்பு. சித்த நூல்களின் மொழியில் சொன்னால் பாடாணம். அதன் பின்னர் வேறு களைக்கொல்லிகள் வந்தன. அவற்றுள் உலோகமல்லாத பாராகுவாட்டு 2002-இல் தடைக்கு உள்ளாகி, 2006-இல் தடை தளர்ந்து, 2020-இல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. எது வந்தாலும் நம்மவர் இட்ட பெயர் ஒன்றே. ‘அவர் மருந்தடிக்கப் போயிருக்கிறார்’ என்பார்கள். நஞ்சு என்று பெயரிட்டிருந்தால் வெறுங்கையால் கலக்கியிருக்க மாட்டார்களோ என்று நினைப்பதுண்டு. காலையில் மருந்தடித்து மாலையில் மருந்துண்ணும் ஒருவனுக்கு அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் சொல்லை நம் மொழி தரவில்லை என்பதன்று; நாம் எடுத்துக் கொடுக்கவில்லை.

‘உணவே மருந்து’ என்னும் தொடர் இக்கட்டுரைகளின் தலைப்பில் தவறாமல் வருகிறது. வள்ளுவர் பெயரைச் சொல்லியே அதனை எழுதுவோரும் உளர். திருக்குறளில் மருந்து என்பது 95-ஆம் அதிகாரம். அதன் பத்துப் பாட்டிலும் ஒரு கீரையின் பெயரோ ஒரு மூலிகையின் பெயரோ இல்லை. உண்டது செரித்தல், அளவறிதல், நோயின் முதலை நாடுதல் ஆகியவையே உண்டு. நோய்முதல் நாடச் சொன்ன புலவரின் பெயரால், முதலை விட்டுவிட்டுக் கீரையை நாடச் சொல்வது எவ்வாறு பொருந்தும்?

என் பழைய மாணவன் ஒருவன் மின்கலப் பட்டறை ஒன்றில் பல்லாண்டு வேலை செய்கிறான். மணமாகி ஆறாண்டுகள் மகவில்லை. மனைவியைக் கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறி அனுப்பினார்கள். அவன் உண்டது முருங்கைப்பூ லேகியம். உறவினர் வீட்டு விழாக்களில் அப்பெண்ணுக்கு இட்ட பெயரை இங்கு எழுத விரும்பவில்லை. ‘மலடி’ என்னும் சொல் நம் நாவில் வழங்கும் அளவிற்கு ‘மலடன்’ வழங்குவதில்லை. அகராதியில் உறங்குகிறது. மகப்பேறு வாய்க்காத இணையரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும் பங்கு கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் மகப்பேறின்மையை எதிர்கொள்கின்றனர். இவ்வளவு பரந்த துன்பத்தில் ஆணைச் சோதிக்கும் சோதனையே எளியது. மில்லிலிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணு என்பது 2021-ஆம் ஆண்டின் கையேட்டில் அந்நிறுவனம் காட்டிய கீழ்வரம்பு. அதற்குப் போகாமல் இருப்பதற்கு லேகியம் நல்ல சாக்காகிவிடுகிறது.

ஒரு விந்தணு தோன்றி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் ஆகும். ‘ஏழு நாளில் பயன் காணலாம்’ என்னும் வரியை அதனோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். பட்டறை வேலையை விட்டவனுக்கும் முகமூடி, கையுறை, காலைச் சோறு, கை கழுவுதல் எனத் தன்னைத் திருத்திக்கொண்டவனுக்கும் பயன் தெரிய அதற்குக் குறையாத காலம் வேண்டும். எலும்பில் படிந்தது மிகுதியாயின் இன்னும் நீளும். மருத்துவரிடம் செல்கிறவன் தன் வயதையும் மணமான ஆண்டையும் சொல்வதோடு, தான் செய்யும் தொழிலையும் ஒருநாளில் பிடிக்கும் சிகரெட்டின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். உண்டு வந்த பற்பத்தையும் லேகியத்தையும் அவற்றின் பொட்டலத்தோடு கையில் எடுத்துச் செல்ல வேண்டும். இரத்தத்தில் காரீயத்தை அளக்கும்படி அவனே கேட்கலாம். கேட்கும்போது ஈயம் என்னாமல் காரீயம் என்றே கேட்க வேண்டும்.